பார்க்கின்சன் வந்த அப்பச்சிக்கு யோகா சொல்லித் தரலாமா?

கேள்வி: என் அப்பச்சிக்கு (அப்பாவுக்கு) 71 வயது. பார்க்கின்சன் நோய் என்று கண்டுபிடித்து ஐந்து வருடம் ஆகிறது. மூன்று வேளையும் லெவோடோபா மாத்திரை சாப்பிடுகிறார். கொஞ்ச நாளாக வீட்டு முகப்பிலிருந்து உள்ளே வளவுக்குள் (முற்றத்தைச் சுற்றிய பகுதிக்குள்) வரும்போது நிலைவாசலில் கால் ஒட்டிக்கொண்டதுபோல் நின்றுவிடுகிறார். கை நடுங்குகிறது என்று கல்யாண வீட்டுக்கோ கோயிலுக்கோ வர மாட்டேன் என்கிறார். சொந்தக்காரர் ஒருவர், "ஒரு மண்டலம் யோகா செய்தால் மாத்திரையே வேண்டாம், பூனைக்காலிப் பொடி போதும்" என்று சொல்லி, சிரசாசனமும் கபாலபாதியும் செய்யச் சொல்கிறார். செய்யலாமா? அப்பச்சி முப்பது வருடம் குன்றக்குடியிலிருந்து பழனிக்குக் காவடியோடு நடந்தவர். வருகிற தைப்பூசத்துக்கு நடப்பாரா? அவர் கைப்பட எழுதிய மளிகைச் சீட்டு ஒன்றையும் இதோடு வைத்திருக்கிறேன்.
பள்ளத்தூர் வாசகி

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் அந்த மளிகைச் சீட்டைத்தான் எடுத்துப் பார்த்தேன். 'துவரம் பருப்பு 2 கிலோ' என்ற முதல் வரி, கடைக்காரர் எட்ட நின்றே படிக்கிற மாதிரி தடிப்பாக இருக்கிறது. நாலாவது வரியில் 'சீரகம்' பாதியாகச் சுருங்கிவிட்டது. கடைசி வரியை வெளிச்சத்தில் பிடித்துக் கண்ணருகே வைத்துத்தான் படித்தேன்: 'கல்பாசி'. எறும்பு ஊர்ந்ததுபோல் இருந்தது.

அவசரத்தில் எழுதியதால் வந்த கிறுக்கல் இல்லை இது. இந்த நோயின் அடையாளங்களில் ஒன்று. கையில் நடப்பதுதான் காலிலும் நடக்கிறது. முதல் நாலடி சரியாக வைப்பார், போகப் போக அடி குறுகும், நிலைவாசல் வந்ததும் நின்றே போகும். குரலும் அப்படித்தான். ஆரம்பிக்கும்போது கேட்கும், முடிக்கும்போது முணுமுணுப்பாகிவிடும். அவருக்கோ தான் சத்தமாகத்தான் பேசுகிறோம் என்று தோன்றும். "ஏன் வாய்க்குள்ளேயே பேசுறீங்க?" என்று வீட்டில் சண்டை வருவது இதனால்தான்.

லண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பார்க்கின்சன் 1817-இல் இந்த நோயைப் பற்றி எழுதியபோது நடுக்கத்தைத்தான் தலைப்பில் வைத்தார். நாமும் நடுக்குவாதம், கம்பவாதம் என்றே சொல்கிறோம். அதனால் எல்லோர் கண்ணும் கை நடுக்கத்தின் மேலேயே இருக்கிறது. என்னிடம் வருகிறவர்களை நடுக்கத்தைவிட அதிகம் படுத்துவது உடம்பு இறுகிப்போவதும், ஒவ்வொரு அசைவும் மெதுவாகிச் சிறுத்துப்போவதும்தான். நடுமூளையில் டோபமின் என்ற வேதிப்பொருளைச் சுரக்கும் நரம்பு அணுக்கள் அழிந்துகொண்டே வருகின்றன. நடப்பது, திரும்புவது, எழுதுவது, சட்டைப் பொத்தான் போடுவது என்று நாம் நினைக்காமலே செய்கிற காரியங்களை ஓட்டிக்கொண்டிருந்தது அந்த டோபமின்தான். அது குறையும்போது பழக்கத்தில் நடந்த நடை போய்விடுகிறது. ஆனால் மனதை வைத்து, 'இதோ வலது காலைத் தூக்கி அந்தக் கோட்டுக்கு அப்பால் வைக்கிறேன்' என்று கவனித்து நடக்கிற நடைக்கு மூளையில் வேறு பாதை இருக்கிறது. அந்தப் பாதை பெரும்பாலும் இன்னும் திறந்தே கிடக்கிறது. யோகாவை இந்த நோய்க்கு நான் நம்பிச் சொல்லித் தருவதற்குக் காரணம் இதுதான். ஒவ்வொரு அசைவையும் கவனத்தோடு, மூச்சோடு, நிதானமாகச் செய்வதுதானே யோகா. அவருக்கு இழப்பு எங்கேயோ, அங்கேயே இது கை கொடுக்கிறது.

ஆனால் யோகா அழிந்த அணுக்களைத் திரும்பக் கொண்டுவராது. ஒரு மண்டலம் செய்தாலும் சரி, ஒன்பது மண்டலம் செய்தாலும் சரி. உங்கள் சொந்தக்காரர் நல்ல மனதோடுதான் சொல்லியிருப்பார், ஆனால் அவர் பேச்சைக் கேட்டு மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். லெவோடோபாவைத் திடீரென்று நிறுத்தினால் கடுமையான காய்ச்சல் வந்து, உடம்பு கட்டையாக இறுகி, நினைவு தப்பி உயிருக்கே ஆபத்தாகலாம். கூட்டுவதும் குறைப்பதும் உங்கள் நரம்பியல் மருத்துவர் மட்டுமே செய்ய வேண்டியவை.

பூனைக்காலி வெறும் கதை இல்லை. 1937-இலேயே தாமோதரன், ராமசாமி என்ற இரண்டு ஆய்வாளர்கள் அதன் விதையிலிருந்து எல்-டோபாவைப் பிரித்தெடுத்துக் காட்டினார்கள். உங்கள் அப்பச்சி சாப்பிடும் மாத்திரையில் இருப்பதும் அதே பொருள்தான். ஆபத்தும் அங்கேதான் இருக்கிறது. பொடியில் ஒரு கரண்டிக்கு எவ்வளவு இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. மாத்திரையோடு அதையும் சேர்த்தால் அளவு எகிறி, குமட்டல், தலைசுற்றல், கைகால் தானாக நெளிவது, மனக்குழப்பம் எல்லாம் வரலாம். ஏற்கெனவே கொடுக்க ஆரம்பித்துவிட்டீர்கள் என்றால் டாக்டரிடம் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

இன்னொன்று, வாந்திக்கு மெட்டோகுளோப்ரமைடு, தலைசுற்றலுக்கு சின்னரிசின் என்று மருந்துக்கடையில் சாதாரணமாக எடுத்துக் கொடுப்பார்கள். இரண்டுமே பார்க்கின்சனை மோசமாக்கும். கடைக்குப் போகிற பையனிடம்கூட அப்பச்சியின் நோயைச் சொல்லி அனுப்புங்கள்.

யோகாவால் என்ன கிடைக்கும் என்பதற்கு ஆதாரம் இருக்கிறது. ஹாங்காங்கில் 138 பேரை வைத்து 8 வாரம் நடத்திய ஆய்வு 2019-இல் 'ஜாமா நியூராலஜி' மருத்துவ இதழில் வந்தது. ஒரு பிரிவுக்கு மனக்கவனத்தோடு செய்யும் யோகா, இன்னொரு பிரிவுக்கு உடம்பை நீட்டி வலுவேற்றும் வழக்கமான பயிற்சி. நடை, அசைவு விஷயத்தில் இரண்டும் ஒரே அளவு பலன் கொடுத்தன. பதற்றமும் மனச்சோர்வும் குறைந்ததில் யோகா முந்தியது. கல்யாண வீட்டுக்கு வர மாட்டேன் என்கிற உங்கள் அப்பச்சிக்கு அந்த இரண்டாவது பலன் முதலாவதைவிடப் பெரிது என்று நினைக்கிறேன்.

சிரசாசனம், தோளில் நிற்கும் சர்வாங்காசனம், மூச்சை வேகவேகமாக வெளியே தள்ளும் கபாலபாதி, மூச்சை அடக்கும் கும்பகம் எதுவும் வேண்டாம். இந்த நோயிலும் இதற்கான மாத்திரையிலும் எழுந்து நிற்கும்போது ரத்த அழுத்தம் சட்டென்று இறங்குவதுண்டு. குனிந்து நிமிரும் ஆசனங்களும் அதனால் கூடாது. தலையைப் பின்னால் சாய்த்துச் சுழற்றுவதும் வேண்டாம். நான் இந்தத் தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு தப்பு செய்தேன். ஒரு பெரியவரை நின்றபடி கண்ணை மூடி மூச்சைக் கவனிக்கச் சொன்னேன். மூன்றாவது மூச்சில் அப்படியே பின்னால் சாய்ந்தார். பக்கத்திலேயே நின்றதால் தாங்கிப் பிடித்துவிட்டேன், ஆனால் அன்றைக்கு முழுக்க என் கை நடுங்கியது. இவர்கள் நிற்பதில் பாதி கண்ணால் நிற்பது. கண் மூடும் பயிற்சி எல்லாம் உட்கார்ந்தோ படுத்தோதான்.

இனி வீட்டுக்கு வருவோம். யோகா பாயை விரிக்கத் தேவையில்லை. தரையில் உட்கார்ந்து எழுவதே அவருக்குப் பெரிய வேலை. பட்டாலையில் கிடக்கும் சாய்வு நாற்காலியும் உதவாது, அதில் உட்கார்ந்தவரை இரண்டு பேர் தூக்க வேண்டியிருக்கும். கை வைத்த, உட்காரும் இடம் கெட்டியான மர நாற்காலி ஒன்றைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள்.

முதல் பயிற்சி அதிலிருந்து எழுவதுதான். நாற்காலியின் விளிம்புக்கு நகர வேண்டும். பாதங்களை முழங்காலுக்குக் கொஞ்சம் பின்னால் இழுத்துக்கொள்ள வேண்டும். மூக்கு கால்விரலுக்கு நேராக வரும்வரை உடம்பை முன்னால் கொண்டுவந்து, மூச்சை விட்டபடி, "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று அவர் வாயாலேயே எண்ணி எழ வேண்டும். எண்ணுவது அவர்தான், நீங்கள் இல்லை. எழுந்ததும் நடக்காமல் இரண்டு மூச்சு நிற்கட்டும், தலைசுற்றல் இருந்தால் அதற்குள் தெரிந்துவிடும். காலையில் ஐந்து தடவை போதும்.

பிறகு உட்கார்ந்தபடியே இரண்டு கையையும் பக்கவாட்டில் விரித்து, விரல்களையும் அகல விரித்து, மூச்சை இழுத்துக்கொண்டே மேலே கொண்டுபோக வேண்டும். 'பெரிசா, இன்னும் பெரிசா' என்று சொல்லுங்கள். இந்த நோய் அசைவைச் சுருக்குகிறது என்பதால் அவருக்கு அளவுக்கு மீறியதாகத் தோன்றுகிற அசைவுதான் உண்மையில் சரியான அளவாக இருக்கும். அடுத்து, இடது கையை வலது முழங்காலில் வைத்து, உடம்பை மெல்ல வலப்பக்கம் திருப்பிப் பின்னால் பார்ப்பது, பிறகு மறுபக்கம். பாரத்வாஜாசனத்தை நாற்காலியில் செய்வது இப்படித்தான். ராத்திரி கட்டிலில் புரண்டு படுக்க முடியாமல் அவஸ்தைப்படுகிறவர்களுக்கு இந்த ஒரு திருப்பம் செய்யும் உதவியைப் பார்த்திருக்கிறேன்.

அடுத்து உங்கள் வீட்டுத் தூண். பர்மாத் தேக்குத் தூண் இருக்கிற வீட்டுக்காரர்கள், நேராக நிற்கும் தாடாசனத்துக்கு வேறெங்கும் போக வேண்டாம். குதிகால், இடுப்பு, முதுகு, முடிந்தால் தலையின் பின்பக்கம் எல்லாம் தூணில் படும்படி நிற்கட்டும். முன்னால் ஒரு நாற்காலியின் முதுகு கைக்கு எட்டும்படி இருக்கட்டும். பக்கத்தில் நீங்களும் இருங்கள். கூன் விழுகிற உடம்புக்கு 'நேராக நில்' என்று சொன்னால் புரியாது, எது நேர் என்பதே அதற்கு மறந்துபோயிருக்கும். தூண் முதுகில் படும்போது அது தெரியும்.

நீங்கள் அதிகம் கவலைப்பட்டு எழுதியிருக்கும் நிலைவாசலுக்கு வருகிறேன். வாசல், குறுகலான இடம், திரும்பும் முனை, இவற்றில் கால் உறைந்து நிற்பது இந்த நோயில் சாதாரணம். அவர் பிடிவாதம் பிடிக்கவில்லை. அப்போது முன்னால் நின்று கையைப் பிடித்து இழுக்காதீர்கள். இழுத்தால் மேல் உடம்பு வரும், கால் வராது, அப்படியே முகம் குப்புற விழுவார். "வாங்க வாங்க, ஏன் நிக்கிறீங்க?" என்று நாலு பேர் சொல்வதும் கூடாது. நிற்கட்டும். ஒரு மூச்சு முழுதாக விடட்டும். பாரத்தை இடக்காலுக்கும் வலக்காலுக்கும் மாற்றி மாற்றி இரண்டு மூன்று தடவை அசையட்டும். அப்புறம் ஒரு கோட்டைப் பார்த்து அதைத் தாண்டிப் பெரிய அடி வைக்கட்டும்.

கோட்டுக்கு நீங்கள் எங்கும் அலைய வேண்டாம். வெள்ளிக்கிழமைகளில் நிலைப்படிக்கு மஞ்சள் பூசிக் குங்குமம் வைப்பீர்கள் இல்லையா? அந்த மஞ்சளைப் பார்த்துத் தாண்டச் சொல்லுங்கள். மற்ற நாட்களில் மங்கிப்போகும் என்றால், படிக்கு ஓரடி முன்னால் தரையில் பளிச்சென்ற நிறத்தில் ஒட்டும் டேப் போடுங்கள். உள்ளே வந்துவிட்டால் ஆத்தங்குடிக் கல் பதித்த தரை இருக்கிறது. கல் பெரும்பாலும் 8 அல்லது 10 அங்குலச் சதுரம். 'ஒரு கல் விட்டு அடுத்த கல்' என்று கணக்கு வைத்து நடக்கச் சொன்னால் அடி தானாக நீளும். என்னிடம் வரும் ஒரு பெரியவர் வெறும் சிமென்ட் தரையில் பத்தடிக்கு முப்பது எட்டு வைப்பார், கட்டம் போட்ட தரைக்கு வந்ததும் சாதாரணமாக நடந்து போவார். வீட்டில் இருப்பவர்களுக்கு அது நடிப்புபோல் தோன்றியிருக்கிறது. அவர் மனைவி என் எதிரிலேயே, "பார்த்தீங்களா, வேணும்னா நடக்கிறார்" என்றார். நடிப்பு இல்லை அம்மா, கண்ணுக்கு ஒரு குறி கிடைத்ததும் மூளை அந்த மாற்றுப்பாதையைப் பிடித்துக்கொண்டுவிட்டது என்று விளக்கிய பிறகு அவர் அழுதுவிட்டார். எத்தனை நாள் திட்டியிருக்கிறேன் என்று.

ஆத்தங்குடித் தரையில் ஒரு எச்சரிக்கை. மெருகேறிய கல் வழுக்கும். காலுறை போட்டுக்கொண்டு நடக்கக் கூடாது, எண்ணெய் தேய்த்துக் குளித்த அன்றைக்குப் பாதத்தை நன்றாகத் துடைத்துவிடுங்கள். திரும்பும்போது நின்ற இடத்தில் சுழலாமல், தூணைச் சுற்றி வருவதுபோல் அகலமாக வட்டமடித்துத் திரும்பட்டும். கையில் டம்ளரோடு நடக்க விடாதீர்கள். நடக்கும்போது கேள்வியும் கேட்காதீர்கள். கவனத்தால் நடக்கிறவருக்கு ஒரு நேரத்தில் ஒரு வேலைதான்.

குரலுக்கு ஓங்காரம். முதுகை நிமிர்த்தி உட்கார்ந்து, 'அ' என்ற ஒலியை வாயை நன்றாகத் திறந்து, முற்றத்துக்கு அந்தப் பக்கம் இருக்கும் ஆத்தாவுக்குக் கேட்கும்படி, மூச்சு இருக்கும்வரை நீட்ட வேண்டும். பிறகு 'உ', பிறகு உதட்டை மூடி 'ம்'. பத்துத் தடவை. எதிர்ப்பக்கத்திலிருந்து ஆத்தா "கேக்குது" என்று பதில் சொல்லட்டும். கூச்சப்படுவார், முதல் வாரம் அப்படித்தான் இருக்கும். கடைசியில் நாடி சுத்தி (இரண்டு நாசியிலும் மாறி மாறி மூச்சு விடுவது) ஐந்து நிமிடம், விருப்பப்பட்டால் வண்டுபோல் ரீங்கரிக்கும் பிராமரி, பிறகு கட்டிலில் தலையணை வைத்துச் சவாசனம்.

எழுத்துக்கு ஸ்ரீராமஜெயமோ 'முருகா'வோ எழுதட்டும். அகலமாகக் கோடு போட்ட நோட்டில், இரண்டு கோட்டையும் தொடும்படி பெரிதாக. எண்ணிக்கைக் கணக்கு வேண்டாம். எழுத்து சுருங்க ஆரம்பித்ததும் பேனாவை வைத்துவிட்டு, கையை உதறி, விரலை விரித்து மூடி, மறுபடி எழுதட்டும். தினமும் தேதி போடச் சொல்லுங்கள். ஆறு வாரம் கழித்து அந்த நோட்டு உங்களுக்கே விஷயத்தைச் சொல்லும்.

எந்த நேரத்தில் செய்வது என்பதில் நிறையப் பேர் கோட்டை விடுகிறார்கள். விடியற்காலையில் வெறும் வயிற்றில்தான் யோகா என்பது நமக்கெல்லாம் சரி. அவருக்கு அந்த நேரத்தில் ராத்திரி மாத்திரையின் வேகம் தீர்ந்து உடம்பு கட்டையாக இருக்கும். மருத்துவர்கள் இதை 'ஆஃப்' நேரம் என்பார்கள். மாத்திரை போட்டு முக்கால் மணி, ஒரு மணி நேரத்தில் உடம்பு இளகும், அது 'ஆன்' நேரம். ஒரு வாரம் மாத்திரை நேரத்தையும், அவர் நன்றாக நடக்கிற நேரத்தையும் ஒரு நாட்குறிப்பில் எழுதி வாருங்கள். எந்த நேரம் சரி என்று அதிலேயே தெரியும். டாக்டரிடம் போகும்போது அந்தக் குறிப்பையும் கொண்டுபோங்கள், அவருக்கு ஒரு ஸ்கேனைவிட அது அதிகம் உதவும். மொத்தமாக ஒரு மணி நேரம் செய்ய வேண்டாம். காலையில் இருபது நிமிடம், மாலையில் பதினைந்து நிமிடம், ஆனால் தினமும்.

சாப்பாட்டில் ஒன்றே ஒன்று. பால், பருப்பு, முட்டை, கறி போன்ற புரதம் மாத்திரை உடம்பில் சேர்வதைத் தடுக்கும். சாப்பாட்டுக்கு அரை மணி முன்போ, ஒரு மணி நேரம் கழித்தோ மாத்திரை போடுவது நல்லது. காலையில் மாத்திரையைப் பாலில் விழுங்குகிற பழக்கம் இருந்தால் தண்ணீருக்கு மாற்றுங்கள். மலச்சிக்கல் விடாமல் பார்த்துக்கொள்ளுங்கள், அதுவும் இந்த நோயோடு வருவதுதான். தண்ணீர் குடிக்கும்போது அடிக்கடி புரையேறினால் தள்ளிப்போடாமல் டாக்டரிடம் காட்டுங்கள்.

எல்லாவற்றையும் நீங்கள் ஒருவரே தூக்கிச் சுமக்க வேண்டாம். தமிழக அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021-இல் தொடங்கியதிலிருந்து வீட்டுக்கே வந்து பிசியோதெரபி கொடுக்கிறார்கள். உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிந்து கேளுங்கள். யோகா ஆசிரியர் யாரையாவது வைத்துக்கொண்டால், பார்க்கின்சன் உள்ளவர்களுக்குச் சொல்லிக் கொடுத்த அனுபவம் உண்டா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். "எல்லா நோய்க்கும் ஒரே பயிற்சிதான்" என்று சொல்கிறவரை அனுப்பிவிடலாம். மருத்துவரிடமும் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு ஆரம்பியுங்கள்.

கல்யாண வீடு. பந்தியில் இலையில் உட்கார்ந்து, நாலு பேர் பார்க்கக் குழம்பைச் சிந்துவது அவருக்குச் சாவுக்குச் சமம். வீட்டில் ஊரார் வணங்கி நிற்க வாழ்ந்தவர் அவர். அதை அற்பமாக நினைக்காதீர்கள். 'ஆன்' நேரம் பார்த்து அழைத்துப் போங்கள், ஓரத்து இருக்கையில் பக்கத்தில் நீங்கள் உட்காருங்கள், ஸ்பூன் கேட்டு வாங்கிக் கொடுங்கள். பதற்றம் ஏற ஏற நடுக்கம் கூடும். கிளம்புவதற்கு முன்னால் ஐந்து நிமிடம் நாடி சுத்தி செய்தால் வித்தியாசம் தெரியும். முதல் தடவை நெருங்கிய பங்காளி வீடாக இருக்கட்டும்.

கடைசியாகப் பழனி. குன்றக்குடியிலிருந்து பழனி வரை மறுபடி நடப்பார் என்று உங்களுக்கு ஆறுதலுக்காகச் சொல்ல எனக்கு மனமில்லை. ஐந்து வருட நோயில், கால் உறைகிற நிலையில், அந்தக் கூட்டத்திலும் இருட்டிலும் அவரை அனுப்ப நான் சம்மதிக்க மாட்டேன். ஆனால் முப்பது வருடம் அந்தப் பாதையில் 'வேல் வேல், வெற்றி வேல்' என்று காலும் வாயும் ஒன்றாகப் போட்டு நடந்த உடம்பு அது. தாளம் காதில் விழும்போது உறைந்த கால் இளகுவது நன்றாகத் தெரிந்த விஷயம், மேல்நாட்டில் சீராகத் தாளம் தட்டும் மெட்ரோனோம் கருவியை வைத்துக்கொண்டு நடைப்பயிற்சி தருகிறார்கள். உங்கள் அப்பச்சிக்கு அந்தக் கருவி வாயிலேயே இருக்கிறது. இன்றைக்கே வளவில் தொடங்குங்கள். ஒரு 'வேலு'க்கு ஓர் அடி, அவரே சத்தமாகச் சொல்லிக்கொண்டு, தூணிலிருந்து தூண் வரை. குரலுக்கும் அது பயிற்சி.

தைப்பூசத்துக்குக் காவடி கிளம்பும் நாளில், உங்கள் வீதி முனை வரைக்கும் அவர் அவர்களோடு நடக்கலாம். வேட்டி தடுக்காமல் கொஞ்சம் உயர்த்திக் கட்டி, இரண்டு பக்கமும் ஆள் வைத்து, முனையில் ஒரு நாற்காலி போட்டு வையுங்கள். காவடி எத்தனை மணிக்குக் கிளம்புகிறது என்று முதல் நாளே கேட்டுக்கொண்டு, மாத்திரை நேரத்தை அதற்கு முக்கால் மணி முன்னால் வருகிறமாதிரி மாற்றலாமா என்று டாக்டரிடம் இப்போதே பேசிவிடுங்கள்.

அன்புடன்,
உங்கள் யோகா சிகிச்சையாளர், காரைக்குடி